கடலோடு போனவருக்கு எள்ளும் தண்ணீரும்

திருவண்ணாமலை

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

தம்பி மணி வணங்கி எழுதுவது. போனில் பேசினால் நீ கோபப்படுகிறாய், எனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. நினைவுக்கல்லில் அப்பா பெயரை வெட்ட நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.
2. இதனால் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.
3. ஆடி அமாவாசையன்று அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடப்போகிறேன். நீ வரத் தேவையில்லை.

முதலாவது. யுத்தத்தில் மூழ்கிய சரக்குக் கப்பல்களின் மாலுமிகளுக்கு இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில் கல் எழுப்புகிறார்கள். இந்த முறை நம் நாட்டவர் பெயர்களும் உண்டு. அப்பா கரி அள்ளிப் போட்ட கப்பல் 1943இல் டார்ப்பிடோ பட்டு மூழ்கியது, கீழ்த்தளத்தில் இருந்தவர் ஒருவரும் தப்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வாரிசுச் சான்றுக்காக வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அங்கே அருணாதேவி என்ற அலுவலர், "இந்த வயசுல வாரிசுனு வந்து நிக்கறீங்களே தாத்தா, சொத்து ஜாஸ்தியோ?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

இரண்டாவது. "பொட்டோட போனவளுக்கு இப்பப் போய் தாலி அறுக்கறியாடா?" என்று கேட்டாய். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார். கப்பலேறப் போன கல்கத்தாவிலேயே அப்பா வேறு குடித்தனம் வைத்துவிட்டார் என்றுதானே நம் ஊர் கீழ்பென்னாத்தூரில் பேசினார்கள்? "யாருக்குடி இவ்ளோ பெரிய பொட்டு?" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. அப்பா ஓடிப்போனவர் இல்லை. அதைக் கல் சொல்லட்டும். நான் எதையும் அடித்துச் சொல்கிறவன் இல்லை, இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எள் இறைக்கக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டதால், அப்பாவுக்கு இன்றுவரை ஒரு திதிகூடக் கிடையாது. இப்போது அய்யங்குளத்தில் ஐயரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு முழங்கால் வலி. மும்பையிலிருந்து அவ்வளவு தூரம் வந்து அவதிப்பட வேண்டாம் என்று நினைத்தேன். முறை என்னவென்று ஐயரைக் கேட்டதற்கு, "ஒண்ணும் பயப்படாதீங்க. தண்ணி விடும்போது அப்பா முகத்தை நெனச்சுக்கோங்க, போதும்" என்றார்.

நான் பிறக்கும் முன்பே அப்பா கப்பலேறிவிட்டார். ஒரு படம்கூட நம்மிடம் இல்லை. அவர் தோளில் உட்கார்ந்து சந்தைக்குப் போனவள் நீ.

ஆகவே அக்கா, நீ வரத் தேவையில்லை என்று மேலே எழுதியது தவறு. கோபத்தோடாவது வா. குளத்துப் படியில் என் பக்கத்தில் நின்று, அவர் எப்படி இருப்பார் என்று சொல்.

உன் தம்பி,
மணி