புகை கண்டு பூட்டிய களஞ்சியம்

மழை காலம் தவறாது பெய்க. மன்னர் கோல் வளையாது நிற்க. வெண்கோட்டு மாநகரில் வீற்றிருந்து ஏழு கூற்றமும் புரக்கும் மாவேள் நன்னாகப் பெருமானடிகள் திருமுன், தென்கரைக் கூற்றத்துக் களஞ்சியம் காக்கும் ஆதன் கீரன் தாழ்ந்து விடுக்கும் ஓலை. அங்கேனும் யாவரும் உண்டு நலமாயிருக்க.

ஈராண்டு வானம் பொய்த்தபின், பசித்த மனைதோறும் நாளொன்றுக்கு ஒரு நாழி நெல் அளக்கத் தேவரீர் பணித்தருளினீர். ஆளில்லா வீட்டின் பேரால் ஊர்த்தலைவர்கள் நெல் கொள்ளாதிருக்க, அடுப்புப் புகை எழும் மனைக்கே அளப்பதென்று விதி சொன்னவன் அடியேன். அவையோர் மெச்சினர், நானும் மகிழ்ந்தேன். உலையிலிட ஒன்றுமில்லாதவர் அடுப்பை ஏன் மூட்டுவர் என்று கேட்க, அந்த அவையில் பசித்தவர் எவருமில்லை.

விதியறிந்த குடிகள் வெறும் அடுப்பை எரித்தனர். முதலில் சருகு, பின் கலப்பை, பின் கூரை. மருதங்குடிக் கைம்பெண் சாத்தி பிள்ளையின் தொட்டிலையும் எரித்தாள். ஏனென்று வினவியபோது, தொட்டிலை வைத்துக்கொண்டு பிள்ளையை இழப்பதோ என்று என்னையே கேட்டாள். விதிப்படி ஒரு நாழி அளந்து வந்தேன்.

அந்நாளில் குன்றின்மேல் பல்லக்கை நிறுத்தி நோக்கிய தேவரீரின் அமைச்சர், மனைதோறும் புகை கண்டு, பஞ்சம் தீர்ந்தது, ஊரெங்கும் சமையல் நடக்கிறதென்று விண்ணப்பித்தார். களஞ்சியத்தைப் பூட்டி எஞ்சிய நெல்லைத் தலைநகர்க்கு அனுப்புக என்ற ஆணை வந்தது. மறுத்தெழுதினேன், மறுமொழி இல்லை. அனுப்பினேன். வண்டித்தடத்தில் சிந்திய மணிகளைக் குடிகள் மண்ணோடு அள்ளினர். ஆணை தேவரீருடையது; பணிந்த பழி என்னுடையது.

நெல்லைத் திருப்பி அனுப்பியருள்க. கேட்பது என் கடமையாதலால் கேட்கிறேன், நம்பிக்கையால் அன்று. இவ்வோலை வந்து சேர ஆறு நாள், வண்டி திரும்பப் பத்து நாள். சாத்தியின் பிள்ளையை நேற்றுப் புதைத்தோம். எனக்குரிய தண்டனை எதுவாயினும் ஏற்பேன் என்று களஞ்சிய முத்திரையிட்டுக் கைச்சாத்திட்டேன்.

ஓலை கொணரும் பூதன் சாத்தியின் தம்பி. மருதங்குடியில் இன்னும் நடக்கவல்லவன் அவன் ஒருவனே. இரக்கம் மிகுந்து அவனுக்கு வயிறாரச் சோறிட வேண்டா. நெடுநாள் பசித்தவர் ஒருசேர உண்டால் உயிர் தாங்காது. என் வாயிலிலேயே மூவர் அவ்வாறு இறந்தனர். இரு நாள் கஞ்சித்தெளிவைச் சிறிது சிறிதாகக் கொடுக்க. நான் கேட்டவற்றுள் காலம் கடவாமல் செய்யக்கூடியது இனி இது ஒன்றே.