பேர் சொல்லிக் கூப்பிட்டேன், அத்தை

என் பிரியமுள்ள அத்தைக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேத்திக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இரண்டு காதும். நீங்கள் இருந்திருந்தால் போன வாரம் முழுக்க முழங்காலில் நின்று ஜெபம் பண்ணியிருப்பீர்கள். அந்த வேலையை மாமா பார்த்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் பயந்து நடுங்கி, அந்தப் பயத்தையெல்லாம் உங்கள் மகன்மேல் எரிச்சலாகக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் பிறந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று உங்கள் மகன் ஒற்றைக்காலில் நின்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் வைத்த பிறகுதான் தெரிந்தது, அதைச் சொல்ல வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஞானஸ்நானத்தில் போதகர் சொன்னதோடு சரி. உங்கள் மகனுக்கு அவள் 'அம்மா'. மாமா உங்களை எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே அவளையும் 'டீச்சர்' என்கிறார். எனக்கு அவள் குட்டிமா, தங்கம், கோபம் வந்தால் வாலு. மாமியார் பேரைச் சொல்லி 'இங்க வாடி' என்று நான் எப்படி அத்தை கூப்பிடுவேன்? இந்தக் கடிதத்தில்கூட எழுதாமல் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

மற்றபடி அவளிடம் உங்கள் ஒழுங்கில் ஒரு துளிகூட இல்லை. முதல் மாதங்களில் பகலெல்லாம் தூங்கி, நாங்கள் விளக்கை அணைத்ததும் விளையாடக் கிளம்புவாள். நான் குளித்தேனா, சாப்பிட்டேனா என்று எனக்கே ஞாபகம் இருக்காது. ஒருநாள் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் டயப்பர் வாங்கப் போன இடத்தில் உங்கள் பழைய மாணவி ஒருத்தி பிடித்துக்கொண்டாள். உங்களைப் பற்றி அவள் உருகி உருகிப் பேசும்போதுதான், நான் சுடிதாரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருப்பதைக் கவனித்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால், "ஃபேஷன்னு சொல்லிடும்மா" என்று சிரிக்காமல் சொல்லியிருப்பீர்கள்.

ஒன்பதாம் மாத ஊசிக்குத் தாம்பரம் போனோம். பேர் சொன்னால் திரும்புகிறாளா என்று டாக்டர் கேட்டார். நான் யோசிக்காமல் தலையாட்டினேன். அவர் அவள் பின்னால் போய் நின்று உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் சாக்ஸைக் கழற்றிச் சப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். சாக்ஸை விடவில்லை. சமீபத்தில் சளி பிடித்ததா என்று கேட்டு, காதுக்குள் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம், பயப்படாதீர்கள் என்றார். டாக்டரே பயப்படாதீர்கள் என்று சொன்ன பிறகு எந்த அம்மா பயப்படாமல் இருப்பாள்?

வீட்டுக்கு வந்ததும் எல்லாமே சந்தேகமாகிவிட்டது. ஏர்ஃபோர்ஸ் விமானம் நம் மொட்டைமாடிக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போதும் அவள் அசையாமல் தூங்குவது அதுவரை எனக்குப் பெருமை. அன்று அதுவே பயமாகிவிட்டது. மாமா எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் தட்டினார். ஒருமுறை திரும்பினாள், மறுமுறை கண்டுகொள்ளவில்லை. குளிப்பாட்டும்போது நான் பாடியதெல்லாம், பால் கொடுக்கும்போது உங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை, அத்தை.

கீழ்க்கட்டளையில் ஒரு சென்டரில் டெஸ்ட். மாமாவும் கூட வந்தார். அவளைத் தூங்கவைத்து, காதில் சின்னதாக எதையோ செருகிவிட்டு, அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் மகன் பிடித்த பிடியில் என் கை வலித்தது. கடைசியில் நிமிர்ந்து, இரண்டு காதும் நார்மல் என்றார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அப்புறம் ஏன் பேர் சொன்னால் திரும்பவில்லை என்று உங்கள் மகன் கேட்டார்.

"வீட்ல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமாதான் மெதுவாக, "டீச்சர்" என்றார். கேள்விக்குப் பதில் சொன்னாரா, அவளைக் கூப்பிட்டாரா, தெரியாது. என் தோளில் கிடந்தவள் தலையைத் தூக்கி, உடம்பையே முறுக்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அந்தப் பேரு தன்னோடதுன்னு அவளுக்கு யாருமே சொல்லலையேம்மா." உங்கள் மகனும் நானும் அசடு வழிந்தோம். மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் கழித்து அந்த அழைப்புக்கு ஒருத்தி திரும்பியிருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

அன்று சாயங்காலம் அவளைக் கூடத்தில் உட்காரவைத்து, உங்கள் படம் இருக்கும் பக்கம் பார்க்காமல், சொல்லிவிட்டேன். பியூலா. ஒரு நொடி, உள்ளேயிருந்து நீங்கள் "என்னம்மா?" என்று வந்துவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களும் வரவில்லை, அவளும் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். அன்றிலிருந்து எல்லோரும் சொல்லிப் பழகுகிறோம். மாமாவுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. 'பியூலா டீச்சர்' வரைக்கும் வந்திருக்கிறார்.

இன்று காலை அவள் இட்லியைத் தரையில் பிசைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து, பழக்கத்தில், என்ன சொல்கிறோம் என்றே நினைக்காமல், "ஏய் பியூலா, என்னடி பண்ற?" என்று கத்தினேன். கத்திய பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் திரும்பினாள், அத்தை. வாயெல்லாம் இட்லியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இனி இந்த வீட்டில் உங்கள் பேர் நாள் முழுக்கக் கேட்கும். அதை நிறுத்த மாட்டேன், இது சத்தியம். அதட்டலாகக் கேட்டால் அது அவளுக்கு. கொஞ்சலாகக் கேட்டால், நீங்களும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

உங்கள் மருமகள்,
பியூலாவின் அம்மா