இடப்பக்கம் இன்னும் சூடாகவில்லை

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கட மோட்டார்சைக்கிள் நேற்று சத்தம் போட்டது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் கண்ணை மூடியபோது அது பாகம் பாகமாகப் பெட்டிகளில் கிடந்தது. பழைய பிரிட்டிஷ் வண்டி, இரண்டு சிலிண்டர், ஒன்றையும் இன்னொன்றோடு பூட்டியிருக்கவில்லை. வழக்கமான ஸ்பனர்கள் அதன் நட்டுகளில் வழுக்கும் என்று, அதற்கென்றே தேடி வாங்கியவற்றுக்குச் சிவப்புப் பெயின்ற் பூசி வைத்திருந்தீர்கள். கோடை முழுக்க, வேலையால் வந்ததும் அந்தச் சிவப்பை நம்பி ஒவ்வொன்றாகப் பூட்டினேன். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அழுகை வரவில்லை அப்பா. வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

என் பட்டம் தபாலில் வந்தது. பட்டமளிப்பு மேடைக்கு நான் போகவில்லை. உறை பிரிக்காமல் கராஜ் தட்டில், உங்கட கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டின் முதல் பட்டம். யாருக்குக் காட்டுவது?

அம்மா ஒரு கெடு வைத்திருந்தா. "முதல் ஸ்னோவுக்கு முன்னம் உது ஓடினா நிக்கட்டும். இல்லாட்டி குடுத்துப்போட்டு காரை உள்ள விடுவம். விடிய வேலைக்குப் போகேக்க கண்ணாடியில ஐஸ் சுரண்ட என்னால ஏலாது." எங்கட ஸ்ரௌவ்வில் ஊரின் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே. வண்டியை வாங்கப் பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒருவர் காத்திருந்தார்.

நேற்று உதைத்தேன். பலதரம் உதைத்த பிறகு பிடித்தது. ஆனால் சத்தம் நொண்டியது. அம்மா குசினியிலிருந்து பேணியில் தண்ணீர் கொண்டுவந்து, எந்தச் சிலிண்டர் எரிகிறது என்று பார்க்க நீங்கள் செய்வதுபோலவே இரண்டு புகைக்குழாய்களிலும் தெளித்தா. எப்போது பார்த்து வைத்தாவோ? வலப்பக்கம் சீறியது. இடப்பக்கத்தில் தண்ணீர் சும்மா வழிந்தது.

"உது ஓடுறதோ?"

"அரைவாசி ஓடுதம்மா."

"உன்ர அப்பரும் நான் சொன்னதில அரைவாசிதான் கேப்பார்."

நான் சிரிக்கவில்லை. அம்மாவும் இல்லை. அவ போன பிறகு இடப்பக்கக் குழாயில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

இன்று விடிய ஸ்னோ. வெளியில் சுரண்டும் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். அம்மா கார்க் கண்ணாடியில் குனிந்து நின்றா. கராஜ் கதவு பூட்டியபடியே இருந்தது; உங்கட வண்டி உள்ளேயே.

இறங்கிப் போய் மற்றப் பக்கத்தை நான் சுரண்டினேன்.

இடப்பக்கத்தையும் சீற வைப்பேன் அப்பா. அதுவரைக்கும் கார் வெளியில் நிற்கட்டும். விடியக்காலை ஐஸ் இனி என் வேலை.

உங்கட மூத்தவள்