ஆணி அடித்த ஜன்னல்

அக்கா,

இன்று காலை ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த பெண் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். வெளியிலிருந்து தோல் பதனிடும் ஷாப்களின் நாற்றம் வந்துகொண்டிருந்தது. "ஜன்னல் இறுகிக்கெடக்கு, மூடிக் குடுங்கம்மா" என்றாள். நீங்கள் நெஞ்சில் தடவிக்கொண்ட அதே தைலம்; அந்த வாசனையில் எனக்கு உங்கள் இருமல்தான் கேட்டது.

எழுபதுகளில் நீங்களும் நானும் டைப் அடித்த அந்த ஆபீஸ் அறை. வெளிநாட்டுக்காரர்கள் தோல் பார்க்க வருவார்கள் என்று ஏசி போட்டு, ஜன்னல்களை ஆணி அடித்தே மூடியிருந்தார்கள். மேனேஜரும் தோல் தரம் பிரிக்கிறவர்களும் ஓயாமல் சிகரெட் பிடிப்பார்கள். புகை இருந்தால் தோல் நாற்றம் தெரியாது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. சேர்ந்த புதிதில் நீங்களே மேனேஜரிடம் சொன்னீர்கள்: "நீங்க பிடிங்க சார். நாத்தத்துக்கு இது தேவல."

சில வருஷங்களில் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தீர்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த வேலூர் டாக்டர், "எத்தன வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, முகம் கறுத்துப்போனது.

வேறு அறை கேட்டீர்கள். வேலையை விட்டே நிறுத்தினார்கள். வழக்குப் போட்டீர்கள். எவனோ பிடித்ததற்கு இவளுக்கு நோயா என்று ஊரே சிரித்தது. "எனக்கு வேற இன்னா வேணும்? அந்த ரூம்லதான் நோவு வந்துச்சின்னு ஜட்ஜ் வாயால சொல்லணும்" என்றீர்கள்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் முதலில் வீட்டில் சமைப்பது விறகு அடுப்பிலா என்று கேட்டார். ஸ்டவ் என்றீர்கள். பிறகு, "மேனேஜர்கிட்ட சிகரெட் பிடிங்கன்னு நீங்களே சொன்னீங்களா, இல்லையா?" என்றார். மேனேஜரைத் தவிர அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இல்லை என்றிருக்கலாம்.

"சொன்னேன் சார். அது உயிர எடுக்கும்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

வழக்கு தள்ளுபடியானது. நீங்களே விரும்பி ஏற்றுக்கொண்ட புகையாம். வராந்தாவில் உங்களைக் கோபித்துக்கொண்டேன். "நெசத்துக்காகத்தானேடி கேஸு போட்டோம்" என்றீர்கள். அதற்குள் மூச்சு வாங்கியது. அடுத்த மழைக்காலத்தை நீங்கள் பார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை அக்கா.

உங்களை அடக்கம் செய்த மறுநாள், பேக்கிங் அறையிலிருந்து சுத்தியல் எடுத்துவந்து ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினேன். நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. மேனேஜர் கையில் சிகரெட்டோடு எழுந்து, "இன்னாம்மா இது, இப்படி நாறுது?" என்றார்.

"நாறட்டும் சார். மூச்சு விடணும்."



இன்று அந்தப் பெண் இரண்டாம் முறையும் மூடச் சொன்னாள். இடத்தை மாற்றி அவளை உள்பக்கம் உட்காரவைத்துவிட்டு, நான் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். ஊர் தாண்டும்வரை அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வந்தேன். மூடவில்லை அக்கா.