தானே சாப்பிட்டார்

மார்ச் 3, செவ்வாய்

பஸ்ஸை விட்டுவிட்டேன். செக்கர் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் லேட். கதவைத் திறந்ததும் கட்டிலிலிருந்து குரல்: “டிக்கெட் எடு.”

இருபத்தாறு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் அவர். வயது ஐம்பத்து நாலு. நரம்பு நோயில் கால் இரண்டும் போய்விட்டன, இப்போது கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. புருஷன் இல்லை. ஒரே மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். அதனால் பராமரிப்புத் துறை ஒரு நாளைக்கு நான்கு தடவை என்னை அனுப்புகிறது. எழுப்ப, ஊட்ட, துடைக்க, படுக்கவைக்க. முதல் நாள் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். “இன்னொரு தடவை ஆன்ட்டின்னா கதவைச் சாத்திடுவேன், அக்கான்னு சொல்லு” என்றார். சாத்த எழுந்து வரமுடியாது என்பது ரெண்டு பேருக்குமே தெரியும்.

மதியம் சூப். நான் பதினைந்து ஸ்பூன் ஊட்டினேன், அவரே ஒன்று எடுத்தார். அந்த ஒன்றில் பாதி கழுத்தில்.

வேலை முடிந்ததும் நடந்ததைப் போனில் வாயால் சொல்ல வேண்டும். அது குறிப்பாக எழுதி, துறைக்கும் மகளுக்கும் அனுப்பிவிடும்.

“என்ன சொல்லப்போற?” என்றார்.

“நடந்ததை.”

“போடி. அவ பரீட்சையை விட்டுட்டு வந்து நிப்பா. நானே சாப்பிட்டேன்னு சொல்லு. ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன்ல?”

ஒரு வருஷமாக தினமும் இதே பேரம்தான். சொன்னேன். போன் எழுதியது: ‘தானே சாப்பிட்டார். உற்சாகமாக இருந்தார்.’ நான் சொன்னது, ஜாலியா இருந்தாங்க. போன் அதற்கு இஸ்திரி போட்டுவிட்டது.

மார்ச் 9, திங்கள்

அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள். “அடுத்தவங்க மூத்திரம் துடைக்கவா காலேஜை விட்ட?” இரண்டாம் வருஷம் விட்டேன். எட்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இந்த வேலையில் உட்கார் என்று யாரும் சொல்வதில்லை. அதை அம்மாவிடம் சொன்னால் தட்டு பறக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

ஆபீஸில் கூட்டம். யாருக்கு எத்தனை விசிட் என்பதை அடுத்த மாதம் முதல் கம்ப்யூட்டரே முடிவு செய்யுமாம். நாங்கள் சொல்லும் குறிப்புகள் அத்தனையையும் அது படிக்கும். பாரபட்சம் இருக்காது என்றார் சூப்பர்வைசர்.

இதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு ஆபீசர் வருவார். பெரிய தோல்பை. செக்கர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பது போல் உட்கார்ந்திருப்பார். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று செக்கர் சொல்லச் சொல்ல, தலையைக் குனிந்து நேர்மாறாக எழுதிக்கொண்டு போவார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் கடைசி வரிசையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நாலு விசிட் ஒண்ணாயிடுச்சு.

போனில்தான் வந்தது. ‘தற்சார்பு மதிப்பெண் 81. கடந்த ஆறு மாதக் குறிப்புகளின்படி 312 வேளைகளில் தானே உணவு உட்கொண்டுள்ளார்.’ காலையில் மட்டும் ஆள் போனால் போதுமாம். மத்த நேரமெல்லாம் அவங்க என்ன பண்ணுவாங்க? யாரு எழுப்புவா? யாருடா சொன்னது உங்களுக்கு?

நான்தான் சொன்னேன்.

வீட்டில், காலேஜில், எங்கேயும் நான் சொன்ன ஒரு வார்த்தையை யாரும் நம்பியதில்லை. இந்த மெஷின் ஒரு எழுத்து விடாமல் நம்பியிருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

சூப்பர்வைசரிடம் போனேன். மேடம், அந்த நோட்ஸ் பொய், பொண்ணு பயப்படக்கூடாதுன்னு அப்படிச் சொன்னேன் என்றேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

“நீ இதைச் சொல்லல. நான் கேக்கல.”

“வேலை போனா போகட்டும் மேடம். அவங்களுக்கு நாலு விசிட் திரும்ப வருமா?”

“வராது. நோட்ஸ் பொய்னு ஆயிட்டா, புதுசா ஆறு மாச நோட்ஸ் சேரணும். அதுவரைக்கும் இதே ஒண்ணுதான்.”

“நீங்களே வந்து பாருங்க. ரெண்டு நிமிஷம் போதும்.”

“பார்த்துட்டு? நான் பார்த்ததை எங்க போடுறது? அதுக்கு அங்க கட்டமே இல்லம்மா.”

கெட்டவர் இல்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. மேல்முறையீடு ஒன்று இருக்கிறது என்றார். போனில் கேள்வி வரும், செக்கரே தன் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஒரு வாரம் கெஞ்சினேன். “அக்கா, முடியலன்னு ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு.” சரி சரி என்றார்.

பத்து மணிக்கு போன் அடித்தது. தேன் தடவிய மாதிரி ஒரு பொம்பளைக் குரல். மெஷின்தான். நெருங்கிய உறவினரும் இணைக்கப்படுகிறார் என்றது. எங்கள் ரெண்டு பேருக்கும் இது தெரியாது. அடுத்த நொடி மகளின் குரல்: “அம்மா, நான் லைன்ல இருக்கேம்மா. தைரியமா பேசு.”

செக்கர் என்னைப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“உங்களால் தானாக உணவு உண்ண முடிகிறதா?”

“முடியுது.”

“உதவியின்றிப் படுக்கையிலிருந்து எழ முடிகிறதா?”

“கொஞ்சம் மெதுவா. ஆனா முடியுது.”

“பொய்” என்று கத்தினேன். குரல் மாறவே இல்லை. “பின்னணியில் சத்தம் கேட்கிறது. விண்ணப்பதாரர் மட்டும் பதிலளிக்கவும்.” மகள், யாரும்மா அங்க என்றாள். “டிவிடா கண்ணு” என்றார் செக்கர்.

போன் வைத்ததும் கண்டபடி திட்டினேன். உங்களுக்குக் கொழுப்பு, சாகத்தான் போறீங்க என்றுகூடச் சொன்னேன். என்ன வாய் இது எனக்கு. செக்கர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “டிக்கெட் எடுக்காதவன் எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன். புள்ளைங்க பக்கத்துல இருக்கும்போது ஒருத்தனும் ஒத்துக்கிட்டது கிடையாதுடி.”

ஏப்ரல் 11, சனி

காலை ஏழு மணி. நாற்பது நிமிடம். ஒரு தடவை.

ஏப்ரல் 20, திங்கள்

மற்ற நேரத்துக்கு எனக்கு வேறு வீடுகள் கொடுத்துவிட்டார்கள். நடுவில் செக்கர் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக ஓடுகிறேன். முதல் நாள் போன் காட்டிக்கொடுத்தது: ‘ஒதுக்கப்படாத வருகை. எச்சரிக்கை 1.’ இப்போது போனைப் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன்.

ஓட முடியாத நாட்களுக்காகக் கட்டில் ஓரம் சூப் ஃபிளாஸ்க்கைக் கட்டி, நீள ஸ்ட்ரா போட்டிருக்கிறேன். படுத்தபடியே உறிஞ்சுகிறார். உறிஞ்சினால் இருமல் வருகிறது. முகம் சிவந்துபோகிற இருமல்.

குறிப்பில் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ‘தானே சாப்பிட முடியவில்லை.’ அதற்குப் பக்கத்தில் மஞ்சள் குறி விழுகிறது: முந்தைய பதிவுகளோடு முரண்படுகிறது.

மே 6, புதன்

நேற்று மூணாவது வீட்ல லேட். மதியம் போகல. ராத்திரி அம்மாகூட சண்டை, அப்பவும் போகல. போகல. போகல.

காலையில் கதவைத் திறந்தேன். குரல் வரவில்லை. உதடு நீலமாக இருந்தது. மார்பில் கர்கர் என்று சத்தம், உடம்பு கொதித்தது. சூப் நுரையீரலுக்குள் போய்விட்டது என்றார் ஆம்புலன்ஸ்காரர். “எத்தனை நாளா இப்படி இருமுறாங்க?” என்று கேட்டார். வாய் வரை வந்தது. தெரியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 8, வெள்ளி

ஒன்றரைப் பக்கம் எழுதினேன், என் கையால். எப்போதிலிருந்து பொய் சொன்னேன், ஏன் சொன்னேன், யாரைத் தண்டிக்கக் கூடாது, எல்லாம். படம் எடுத்துத் துறைக்கு அனுப்பினேன்.

நான்கு நிமிடத்தில் பதில். ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’

மே 9, சனி

வேலை போய்விட்டது. அம்மா தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 15, வெள்ளி

செக்கரை நகரத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு அறையில் ஆறு கட்டில். இனி வீடு கிடையாது. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு. என்னைப் பார்த்தார். பேசவில்லையா, பேச முடியவில்லையா? கேட்கத் தைரியம் வரவில்லை.

மே 21, வியாழன்

மகள் வந்துவிட்டாள். பரீட்சை எழுதவில்லை.

வரச்சொல்லி மெசேஜ் வந்தபோதே அறை விழும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லத்து நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கனமான ஒரு கட்டுத் தாள். பதினாலு மாதக் குறிப்புகளையும் அச்செடுத்திருக்கிறாள்.

“எப்பலேர்ந்து விழுங்கக் கஷ்டம்னு டாக்டர் கேக்குறாரு. இதுல எங்கயுமே இல்ல. எது நிஜம்னு நீங்கதான் சொல்லணும்.”

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தேதியைப் படிப்பாள், நான் சொல்வேன், அவள் பென்சிலால் அந்த வரியை அடிப்பாள். தானே சாப்பிட்டார் — இல்லை. தானே தலை வாரிக்கொண்டார் — இல்லை. நிம்மதியாகத் தூங்கினார் — இல்லை, வலியில் அழுதாங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. அவள் அழவில்லை. கோடு மட்டும் தாளைக் கிழிக்கிற மாதிரி விழுந்தது.

பிப்ரவரி ஆறு. அன்றுதான் முதல் இருமல். சொன்னேன். தேதியைப் புறங்கையில் எழுதிக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் லீவுல இருந்தேன்” என்றாள். “ஒரு வாரம் சும்மாதான் இருந்தேன். ரூம்ல.”

அடுத்த தாளை நான் திருப்பிவிட்டேன்.

இன்னும் ரெண்டு பக்கம் போனபிறகு நிறுத்தினாள். “‘ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களை எண்ணிச் சிரித்தார்.’ இதுவுமா?”

“அது நிஜம். நாற்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினாங்க.”

அந்த வரியை மட்டும் அடிக்காமல் விட்டாள்.

அம்மா முழிச்சுட்டாங்க என்று நர்ஸ் வந்து சொன்னார். இருவரும் உள்ளே போனோம். செக்கர் மகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், பென்சில் கோடுகளைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கவே இடமில்லை. ஒருக்களித்து நுழைந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நான் வெளியே வந்துவிட்டேன்.