ஆறாம் மண்டலத்தில் ஓடிய தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் அப்பாவும் சுகம். அணையும் மெல்லத் தேறி வருகிறது, முப்பத்தொரு சதவீதம். உன் சுகத்தைச் சொல்ல இரண்டு வரி போதும், அந்த இரண்டு வரியையாவது எழுது. எனக்கு இன்று கை நிற்கவில்லை. நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உன் அப்பாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன், நான்காவது முறை தொடங்கியபோது அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு செடிகளிடம் போய்விட்டார். வெந்நீர் வரும்வரை குழாயில் வீணாக ஓடுகிற தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது இப்போது அவர் பொறுப்பு. பொண்டாட்டினு நெனச்சேன், குடிநீர் வாரியத்தையே கட்டிக்கிட்டேன் போல என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுகிறார். ஒரு நாளும் தவறுவதில்லை.

உனக்கு நினைவிருக்கும், தூரத்து ஆற்றிலிருந்து வரும் பெரிய குழாய் இன்னும் நம்மை எட்டவில்லை, அடுத்த வருடம் ஆகும். பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்துப் பூங்காக்களுக்கு விடும் நிலையம் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது. அதுவரை ஊருக்கு என் பிரிவுதான் அணை, அதாவது வாரியத்தின் தண்ணீர் சேமிப்புப் பிரிவு. கூட்டங்களில் இதை நான் சொல்லும்போது எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். இருக்கட்டும். சிக்கல் ஆறாம் மண்டலத்தில். ஒன்பது தெரு, நம் வீடும் அதில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். திறக்கிற நாளில் மண்டலத்துக்குள் நுழையும் குழாயின் மீட்டர் ஓடலாம், அதற்கு அப்பால் இருக்கும் வால்வை மூடிய நாளில் ஓடக் கூடாது. ஓடியது. ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் லிட்டர், ஐந்நூறு வீடுகளின் தண்ணீர், எங்கே போகிறது என்று தெரியவில்லை. மாதக் கடைசிக்குள் கண்டுபிடிக்காவிட்டால் ஒன்பது தெருவுக்கும் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் என்று எங்கள் பொறியாளர் உத்தரவைத் தட்டச்சு செய்தே வைத்துவிட்டார். தேதி மட்டும் பாக்கி.

நான் சலவைக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். எழுதவே கூசுகிறது. உன் பள்ளிச் சீருடையைப் பத்து வருடம் மடித்துக் கொடுத்தவர். ஆனால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இருப்பது அவர் கடைதான். அவர் இணைப்பு வால்வுக்கு அப்பால், அவருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர், துணியோ தினமும் துவைக்கிறார். திருட்டு இணைப்பு இருக்க வேண்டும், கணக்குச் சரியாக வருகிறது, இல்லையா? கடை வாசலைத் தோண்டினோம். எங்கள் ஆள் பாம்புக்காதன் (கசிவு கேட்கும் இரும்புக் கோலை மண்ணில் ஊன்றிக் காதை வைத்தால் நாலடி ஆழத்தில் குழாய் மூச்சுவிடுவதையும் சொல்வான், அதனால் அந்தப் பெயர்) இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கேட்டான். ஒண்ணுமில்லக்கா என்றான். நான் விடவில்லை. ஏழு நாளில் தக்க விளக்கம் தராவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று நோட்டீஸ் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. துணி வாங்க வந்தவர்கள் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் படித்தார். கசக்கினார். மேடம், நான் அழுக்கத்தான் எடுக்கறேன், ஊர்த் தண்ணிய இல்ல என்றார். அத்தனை வருடமாக நான் அவருக்கு அக்கா. அன்றைக்கு மேடம்.

ஆறாம் நாள் அலுவலகத்துக்கு வந்தார். முன்கூடத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்தக் கூடத்தில் ஒரு குழாய் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே சொட்ட விட்டது, கீழே கண்ணாடி ஜாடி, ஒரு நாளில் எத்தனை லிட்டர் வீண் என்று கோடுகள். என் யோசனை. நான்கு வருடமாகச் சொட்டுகிறது, எங்கள் காதில் இப்போது விழுவதுகூட இல்லை. அவருக்கு விழுந்தது. ஊருக்குத்தான் உபதேசமா, மொதல்ல ஒங்க கொழாய மூடுங்க என்று எழுந்துபோய் இறுகத் திருகிவிட்டார். இது விளக்கத்துக்கு வைத்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார், இன்னும் ஓடுதே மேடம்.

பாம்புக்காதனைக் கூப்பிட்டேன். இருபது வருடம் ஊர்த் தெருவெல்லாம் குனிந்தவன், இந்தத் தரையில் ஒருமுறைகூடக் குனிந்ததில்லை. கோலை ஊன்றினான், காதை வைத்தான். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அக்கா, இது கசிவு இல்ல, ஓடையே போகுது என்றான். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சாமான் அறைக்குப் போனோம். தரையடித் தொட்டியின் மூடிமேல் துண்டறிக்கைக் கட்டுகள், துளியும் வீணாக்காதீர் என்று நான் அச்சடித்தவை, ஆள் உயரத்துக்கு. சலவைக்காரர்தான் பாதியைத் தூக்கி வைத்தார். மூடியைத் திறந்தால், தொட்டி நிரம்பியதும் குழாயை அடைக்க வேண்டிய மிதவை உடைந்து ஒரு மூலையில் கிடக்கிறது, தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, நிரம்பியது எல்லாம் பக்கக் குழாய் வழியாக மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. எத்தனை மாதமோ. யாருக்கும் தெரியாது. ஏன் தெரியாது என்று கேள். எங்கள் கட்டடத்துக்கு மீட்டரே இல்லை! நமக்கு நாமே எதற்கு மீட்டர் என்று கட்டும்போது யாரோ விட்டுவிட்டார்கள். மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவில் இருந்தது ஒரு கட்டடம் அல்ல, இரண்டு. அவர் கடை, எங்கள் அலுவலகம். வரைபடத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது.

தொட்டிக்கு வரும் குழாயை அதன் வால்வில் மூடினோம். இன்று மண்டலத்துக்குத் தண்ணீர் விடாத நாள், காலையில் மீட்டரைப் படித்தேன். அடி, முள் அசையவில்லை! நான் அந்த மீட்டர் குழிக்குள்ளேயே நின்று கை தட்டினேன். பொறியாளர் அந்த உத்தரவை என் கண் முன்னால் கிழித்தார். ஒன்பது தெருவுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படியே தொடர்கிறது. பிறகு நான் அதே நோட்டீஸ் படிவத்தில், அடுத்த வரிசை எண்ணில், எங்கள் அலுவலகத்தின் பெயரை எழுதிப் பொறியாளரிடம் நீட்டினேன். எனக்கேவா என்றார். ஏழு நாள் சார் என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். கடை வாசல் பள்ளத்தை மத்தியானத்துக்குள் மூடிப் பூசச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். தப்பு என்னுது என்று மட்டும் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்து எதையோ தேய்த்தார், நிதானமாக, ஓரம் ஓரமாக. சட்டை மடிப்பதுபோல் மடித்து என் கையில் வைத்தார். நான் கொடுத்த நோட்டீஸ். கசக்கிய சுருக்கம் முழுதும் போகவில்லை. ஒங்க பொருளு, சுத்தமா திருப்பித் தரணும்ல, எடுத்துட்டுப் போங்கக்கா என்றார்.

போன கடிதத்தில் தண்ணீர்க் கட்டணம் ஏறியதற்கு உன் அறைத்தோழியின் குளியல்தான் காரணம் என்று நீ எழுதியதும், நானும் ஆமாம் போட்டதும் நினைவிருக்கிறதா? அதை வாபஸ் வாங்குகிறேன். அவளிடம் ஒன்றும் பேசாதே. முதலில் உங்கள் கழிப்பறைத் தொட்டியில் கொஞ்சம் சாய மை ஊற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திரு. ஃப்ளஷ் செய்யாமலே கீழே நிறம் வந்தால் அவளிடம் மன்னிப்புக் கேள். வராவிட்டாலும் கேட்கலாம், ஒன்றும் குறைந்து போய்விடாது.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருப்பாய், எடுத்த காரியம் கூடும். அந்த நோட்டீஸை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரம், மடிப்பு கலையக் கூடாது.

அன்புடன்,
உன் அம்மா