வால் எலும்பு

பிஷ்கெக்
12 செப்டம்பர் 2019

அன்புள்ள தங்கை நூரிலாவுக்கு,

பத்து வருடம் கழித்து எழுதுகிறேன். எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று, பழைய வழக்கப்படி முதலில் வரிசை போட்டுவிடுகிறேன்.

1. எனக்கு வந்த ஓர் அழைப்பு.
2. நம் பனிச்சரிவுக் கண்காணிப்பு நிலையம் நல்ல குழுவாக இருந்ததற்குக் காரணம்.
3. பனிச்சரிவில் தொலோகோன் இறந்த அன்று நமக்கு எச்சரிக்கை வராமல் போனது.
4. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

நம் நிலையத்தில் இருந்த எசென்பெக் இப்போது சாலைத் துறையில் பயிற்சிப் பிரிவின் தலைவன். மலை நிலையங்களுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, திறமான பணிக்குழுவை எப்படி உருவாக்குவது என்று அக்டோபரில் நான் பேச வேண்டுமாம். எனக்கு என்ன தெரியும் என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஒன்று தெரிந்தது. பனிக்காலம் தொடங்குமுன் ஆடு அறுத்து, வயதும் பணியும் பார்த்து யாருக்கு எந்த எலும்பு என்று நானே முறைப்படி பங்கிடுவேன். அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து பேருக்குள் சண்டையே வந்ததில்லை. இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. விசாரணை அறிக்கையில் உள்ளதுதான்.

நான்காவது: நீயும் வந்து மேடையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சகினாலி

*

நாரின்
25 செப்டம்பர் 2019

மதிப்புக்குரிய சகினாலி அண்ணாவுக்கு,

மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டே மாவு பிசைகிறேன். பதினோரு வருடம் பனியில் குழிவெட்டி அடுக்குகளைச் சோதித்த கை, மாவுக்கும் பழகிவிட்டது.

நம் கடைசி விருந்து எனக்கும் நினைவிருக்கிறது. இடுப்பெலும்பு உங்களுக்கு. அடுத்த மரியாதையான தொடையெலும்பை, வந்து ஒரு வருடம்கூட ஆகாத எசென்பெக்குக்கு வைத்தீர்கள். எனக்கு வால் எலும்பு. தொலோகோன்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணா, தட்டு மாறிப்போச்சு. பனி பாக்குறது இந்த அக்கா, தொடை கடிக்கிறது அவனா?"

"பொம்பளப் புள்ளைக்கு வால் எலும்புதான்டா மரியாதை. நீ வண்டிய ஓட்டு" என்றீர்கள்.

மரியாதைதான். வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பெண்ணுக்குச் செய்கிற மரியாதை. என் பேச்சுக்கு என்ன எடை என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த மார்ச் மாதம், காலை ஒன்பது மணி. நான் குழியிலிருந்து நேரே உங்கள் மேஜைக்கு வந்தேன்.

"அண்ணா, அடி அடுக்கு சர்க்கரையாட்டம் உதிருது. ரோட்ட மூடுங்க."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எசென்பெக் முகத்தைப் பார்த்தீர்கள்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியாக்கா? போன வாரமும் இதத்தான் சொன்ன. ரோடு எங்கயும் ஓடிப் போகல" என்றான். சிரித்தீர்கள். தொலோகோன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் பனி தள்ளும் வண்டியின் சாவியை எடுத்தான். "என் டீய யாரும் குடிச்சிராதீங்க" என்றான். மூன்றாம் நாள்தான் வண்டியைத் தோண்டி எடுத்தார்கள்.

விசாரணை அறிக்கையில் என்னைப் பற்றி உள்ள வரி: "கண்காணிப்பாளரிடமிருந்து எச்சரிக்கை ஏதும் வரவில்லை." அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. என் வேலை போனதைப் பற்றி எனக்கு இப்போது பேச்சில்லை. தொலோகோனின் மனைவி அய்ஜமால் என் தெருவில்தான் இருக்கிறாள். பத்து வருடமாக என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள். அறிக்கை அப்படிச் சொல்கிறதே.

உங்கள் கூட்டத்துக்கு அவளையும் எசென்பெக் அழைத்திருக்கிறானாம். நான் வரமாட்டேன். மேடையில் அவள் காதுபட உண்மையைச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் எனக்கு இனி எழுதவேண்டாம்.

நூரிலா

*

பிஷ்கெக்
20 அக்டோபர் 2019

நூரிலா,

உண்மையைச் சொல்லமுடியாவிட்டால் எழுதவேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். கூட்டத்தில் நான் சொல்லவில்லை.

சொல்லத்தான் போனேன். ஒரு தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்திருந்தேன். அய்ஜமால் இரண்டாம் வரிசையில், நீலத் தலைத்துணி கட்டி உட்கார்ந்திருந்தாள். எசென்பெக் எனக்குத் தேநீர் ஊற்றி, "எங்க எல்லாருக்கும் இவருதான் பெரியவரு" என்று என் தோளைத் தொட்டான். அதற்குமேல் என் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரியவேண்டும் என்று பேசினேன். கைதட்டினார்கள்.

வாசலில் அய்ஜமால் வந்து நின்றாள்.

"அண்ணா, அன்னிக்கு அவரு கிளம்புறப்ப யாருமே ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா" என்றேன்.

பிறகு விருந்து. இடுப்பெலும்பை எனக்கு வைத்தார்கள். தின்றேன்.

அன்றைக்கு ஏன் எசென்பெக் முகத்தைப் பார்த்தேன் என்று இத்தனை வருடமும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் மாமா அமைச்சகத்தில் இருந்தார், அதுதான் காரணம். முறைப்படி பங்கிட்டேன் என்று எழுதினேனே, அந்தத் தொடையெலும்புகூட முறைப்படி உனக்கோ தொலோகோனுக்கோ வரவேண்டியது. பயந்து பங்கிட்டேன்.

இந்தக் கடிதத்தை அய்ஜமாலிடம் காட்டு. நேரில் போக எனக்குத் தைரியம் இல்லை. இதிலும் என் வேலையை உன் தலையில்தான் கட்டுகிறேன் என்பது தெரிகிறது. அவள் படித்துவிட்டுக் கிழித்தாலும் கிழிக்கட்டும். பதில் எதிர்பார்க்கவில்லை.

அவளுக்குப் புரியும்படி எழுதுகிறேன்: விசாரணை அறிக்கையில் நான் கையெழுத்திட்ட வரியும், நூரிலாவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாவது செய்தியும் தவறு. எச்சரிக்கை வந்தது. காலை ஒன்பது மணிக்கு, நூரிலாவின் வாயால், என் மேஜைக்கு முன்னால் வந்தது.

சகினாலி ஒஸ்மோனோவ்
நிலையத்தின் முன்னாள் தலைவர்